வெளிநாட்டுப் பெரட்டு

பனி இறங்கியிருக்கும் நேரத்தில் கம்பை மேலே எறிந்தால் அது இல்லாமலே போய்விடும். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, புள்ளக் காம்பராவின் முன்னால், கொஞ்சம் மட்டமான இடம் உண்டு. வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறைதான் புள்ளக் காம்பரா. எங்கள் பக்கத்தில் இவ்வளவு மட்டமாக நிலம் கிடைப்பதே பெரிய பாக்கியம். மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கே நின்றுதான் நான் கம்பு சுற்றிப் பழகுவேன். பின்னேரத்தில் பனி மலையிலிருந்து இறங்கும். முதலில் மேல் லயத்துக் கூரைகளை எடுத்துக்கொள்ளும், பிறகு கோயிலை, பிறகு என் கம்பை. எறிந்த கம்பு வெள்ளைக்குள் போய் மறைந்துவிடும். அந்த ஒரு மூச்சு நேரம் உலகத்தில் எதுவும் நடக்காது. பிறகு காற்றை விசிறுவது போல ஒரு சின்னச் சத்தம் கேட்கும். கை தானாகப் போய் அதை வாங்கிக்கொள்ளும்.

இன்றைக்கும் எனக்குக் கனவு வந்தால் அந்த மூச்சு நேரம்தான் வருகிறது. கம்பு இன்னும் மேலேயே இருக்கிறது. நான் பயமில்லாமல் நின்றுகொண்டிருக்கிறேன்.

அப்போது பதுளையில் ஒரு பெண்கள் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். பாடசாலை பேண்டில், எல்லோருக்கும் முன்னால், வெள்ளைக் கையுறையும் உயரத் தொப்பியும் போட்ட ஒரு பிள்ளை வெள்ளி நிறக் கம்பை விரலில் சுழற்றிக்கொண்டு, நடு வழியில் உயர எறிந்து பிடித்துக்கொண்டு போவாளே, அவள்தான் நான். பாடசாலையில் அந்தக் கம்புக்கு பேட்டன் என்று மரியாதையான பெயர். லயத்தில் அது கம்பு. நான் கம்புக்காரி. தண்ணீர்ப் பீலியில் குடம் வைக்க இடம் கேட்டால்கூட, “கம்புக்காரிக்கு வழி விடுங்கப்பா, சுத்திடப் போறா” என்று சிரிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

பாடசாலைக் கம்பை வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆகவே நான் வீட்டில் பழகியது அம்மாவின் பழைய மட்டக்கம்பில். கொழுந்து எடுக்கிறவர்கள் தேயிலைச் செடியின் தலையில் படுக்கப் போட்டு, எந்த உயரத்துக்கு மேலே கிள்ளலாம் என்று பார்த்துக்கொள்கிற நீட்டுக் கம்பு அது. ஒடிந்துபோன ஒன்றை அப்பா என் கைக்கு அளவாக வெட்டி, இரண்டு முனையிலும் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தார். அதைப் பார்த்து அம்மா சொன்னாள்:

“தேயிலைய மட்டமாக்கத்தான் கம்பு. நீ வானத்தயா மட்டமாக்கப் போற?”

சொன்னாளே தவிர, நான் சுற்றுவதை நின்று பார்த்தது கிடையாது. விளையாட்டுப் போட்டி, சுதந்திர தின ஊர்வலம் எதற்கும் வந்ததில்லை. வேலை நாள் என்பாள். வேலை இல்லாத நாளில் தலைவலி என்பாள். நான் எறிகிற நேரம் பார்த்து அவளுக்கு அடுப்படியில் ஏதாவது ஒரு சட்டி நினைவுக்கு வந்துவிடும்.

அதற்குக் காரணம் எனக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது. நான் நன்றாக நடக்கப் பழகிய வயதிலிருந்து பள்ளிக்கூடம் சேர்கிற வயது வரைக்கும் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். அந்த நாட்களில் அம்மா என்பது அப்பாவின் போனுக்குள் இருந்த ஒரு குரல். “நல்லா இருக்கேன் தங்கம், நீ சாப்டியா?” என்று எப்போதும் ஒரே மாதிரி கேட்கும் குரல். திரும்பி வந்த பிறகு அவள் அந்த ஊரைப் பற்றி வாயே திறக்கவில்லை. குவைத் என்ற பெயரையே சொல்லமாட்டாள். ‘அங்க’ என்று மட்டும் சொல்வாள். இன்னொன்றும் இருந்தது. யாராவது திடீரென்று கூப்பிட்டால், என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிடுவாள். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழும்புவாள். நானும் அப்பாவும் அவளைக் கூப்பிடும்போது கிட்டப் போய், மெதுவாகக் கூப்பிடப் பழகியிருந்தோம்.

அப்படியிருக்கும்போதுதான் மலேசியாவில் ஒரு கடற்கரைப் பட்டணத்துத் திருவிழா ஊர்வலத்துக்கு எங்கள் பேண்டுக்கு அழைப்பு வந்தது. நான் பஸ்ஸில் வந்தேனா பறந்து வந்தேனா என்று தெரியாது. அம்மா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். அப்பா ஃபேக்டரியிலிருந்து வந்து, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, மலேசியா போறோம். பெரிய பரேட்.”

அம்மாவின் கை மாவிலேயே நின்றது.

“பெரட்டா?”

தோட்டத்தில் விடிந்தும் விடியாத நேரத்தில் எல்லோரும் களத்தில் போய் வரிசையாக நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். இன்னார் இந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். அதற்குப் பெயர்தான் பெரட்டு. அம்மா பிறந்தது முதல் கேட்டு வந்த சொல் அது. நான் சொன்னது அவள் காதில் அப்படித்தான் விழுந்தது.

“வெளிநாட்டுப் பெரட்டுல போயி நிக்கவா உன்னப் பள்ளிக்கூடம் அனுப்புனோம்?”

அப்பாவுக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். “பெரட்டு இல்லம்மா, பரேட். ஊர்வலம். கம்பு சுத்திக்கிட்டுப் போறது” என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. மாவை மறுபடி பிசையத் தொடங்கினாள். பிசைந்துகொண்டே, அடுப்பிடம் சொல்வது போலச் சொன்னாள்:

“அங்க எங்களயும் வரிசையாத்தான் நிக்க வச்சாங்க. வந்து வந்து பாத்துட்டு, வேணுங்கிறவங்களக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.”

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. குவைத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். வெளியே பனி இஸ்தோப்பு வரைக்கும் வந்து நின்றிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவளே முடிவையும் சொன்னாள். “போ. போக வேணாம்னு சொல்லமாட்டேன். ஆனா என்னயப் பாக்கச் சொல்லாத.”

போகக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அந்த இரண்டாவது வார்த்தை செருப்புக்குள் போன கல் மாதிரி கூடவே வந்தது. வெளிநாட்டில் எத்தனை பேர் பார்த்தால் என்ன? எனக்கு ஒரே ஒருத்தி பார்க்க வேண்டியிருந்தது. நான் எறிவதை, அது மேலே போவதை, அது என் கைக்குத் திரும்பி வருவதை அவள் ஒரு தடவை பார்த்துவிட்டால், அவளுக்குள் அந்த வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறவள் கொஞ்சம் உட்காருவாள் என்று எனக்குத் தோன்றியது. இதை அப்போது இப்படிச் சொல்லத் தெரியாது. பிடிக்க வேண்டும், அவள் பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

புறப்பட்ட அன்றைக்கு அம்மா றோட்டு வளைவு வரைக்கும் வந்தாள். ரொட்டியும் சம்பலும் கட்டிய பொட்டலத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, என் சட்டைக் கொலரைச் சரிசெய்தாள்.

“அங்க போயி போன்ல ஒண்ணும் சொல்லாத” என்றாள். “போன்ல எல்லாருமே நல்லாத்தான் இருப்பாங்க. என்னா நடந்திச்சோ, வந்து நேர்ல சொல்லு.”

பஸ் ஹாலிஎல தாண்டி, பண்டாரவளை தாண்டி, ஹப்புத்தளைக்கு அப்பால் இறங்கத் தொடங்கியபோது பேண்ட் பிள்ளைகள் பாட்டை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனார்கள். மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய் நீலமாகி, பிறகு சாம்பலாகி, பிறகு இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிட்டன. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி தூங்கியும் தூங்காமலும் கிடந்தேன். மடியில் கம்பு இருந்தது. இந்தத் தடவை பாடசாலைக் கம்பே என் பொறுப்பில். பஸ் வளையும்போதெல்லாம் அது தானாக உருளப் பார்க்கும். நான் பிடித்துக்கொள்வேன்.

விமான நிலையத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. கழிப்பறைக்குப் போனவள் வழி தவறி எங்கள் குழுவைத் தொலைத்துவிட்டேன். கையில் பாஸ்போர்ட்டோடு முழித்துக்கொண்டு நின்ற என்னை அங்கே வேலை செய்கிற ஒருவர் ஒரு பார்வை பார்த்தார், பையில் கட்டியிருந்த தோட்டத்து விலாசத்தை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒரு வரிசையைக் காட்டினார். நானும் போய் நின்றேன். முன்னாலும் பின்னாலும் பெண்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரிப் பை. எல்லோர் காலிலும் புதுச் செருப்பு. முன்னால் நின்ற அக்கா திரும்பி, “எந்தப் பக்கம் பாப்பா?” என்று கேட்டார். ஸ்பிரிங்வெளி என்றேன். “நான் கொஸ்லந்த. மொத தடவையா?”

“ஆமாங்க.”

“பயப்படாத. மொத மாசம்தான் கஷ்டம். பொறவு அழுக வராது.”

வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகிறவர்களின் வரிசையில் நிற்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது பிழையான வரிசை, நான் ஊர்வலத்துக்குப் போகிறவள் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கண்ணாடிக் கூடமும், பளபளக்கும் தரையும், யார் யாரையோ அழைக்கிற அந்த ஒலிபெருக்கியும் தூக்கத்தில் கேட்பது போலத் தூரத்தில் இருந்தன. என் அம்மா இங்கேதான், இந்த வரிசையில்தான், இதே மாதிரி ஒரு அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அப்போது அவளுக்கு வயது இருபத்துச் சொச்சம்தான். வீட்டில் என்னைத் தூங்க வைத்துவிட்டு வந்திருப்பாள். எனக்கு அழுகை வந்தது. எங்கள் டீச்சர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்வரை அங்கேயே நின்றேன். திரும்பிப் பார்த்தபோது கொஸ்லந்த அக்கா சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

விமானம் மேகத்துக்குள் ஏறியபோது பக்கத்துப் பிள்ளைகள் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு அது நம்ம ஊர்ப் பனிதான். எறிந்த கம்பு இருக்கிற இடத்துக்கு நானே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மலேசியாவில் காலை வெயில் என்றால் வெயில். கடலோர வீதியில் எங்களை அணி அணியாக நிறுத்தி வைத்திருந்தார்கள். கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன. தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்த ஒரு தமிழ் அம்மா எங்கள் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். “என்னாம்மா, எங்கம்மா காலத்துல ரப்பர் தோட்டத்துல வெள்ளன பெரட்டுக்கு நிப்பாங்களாம். அப்படி நிக்கிறீங்களே” என்றார்.

இத்தனை கடலுக்கு அப்பாலும் அதே சொல். பரேட், பெரட்டு என்று வாய்க்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளைக்காரன் சொன்ன பரேட்தான் நம்மவர்கள் வாயில் பெரட்டு ஆகியிருக்கிறது. அங்கேயும் அதுவே, இங்கேயும் அதுவே. அம்மாவின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. சிரித்த எனக்குத்தான் தெரியவில்லை.

டீச்சர் என் போனில் வீட்டுக்கு வீடியோ கோல் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். மலேசியாவில் நேரம் நமக்கு முந்தியது. அங்கே ஊர்வலம் புறப்படும்போது ஸ்பிரிங்வெளியில் பெரட்டு நேரம். போன் அப்பாவிடம் இருக்கும், அப்பா பார்ப்பார், பிறகு அம்மாவிடம் சொல்வார் என்பது என் கணக்கு.

மேளம் தொடங்கியது. நடந்தேன். கம்பு விரல்களுக்கு நடுவே சுழன்றது. முதல் சந்தி வந்ததும் எறிய வேண்டும். எறிந்தேன்.

அவ்வளவு வெறுமையான வானத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு துண்டு மேகம் இல்லை. கம்பு ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, உச்சியில் வெயில் பட்டு ஒரு வெள்ளி வட்டமாக நின்றது. இத்தனை காலமாகப் பனிக்குள் அது இதைத்தான் செய்துகொண்டிருந்ததா? எனக்குத் தெரியாமல் அங்கே இவ்வளவு அழகாகவா இருந்தது? வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். எப்போதும் கேட்கிற காது கேட்கவில்லை. கை போக மறந்துவிட்டது. கம்பு விரல் நுனியைத் தட்டிவிட்டுத் தார் றோட்டில் விழுந்தது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எனக்கு வானம் கோணல்.

கூட்டத்திலிருந்து ‘ஐயோ’ என்று ஒரு மெல்லிய சத்தம் வந்தது. பின்னால் மேளம் நிற்கவில்லை. அது என் முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது. குனிந்து எடுத்தேன். ஒரு முனையில் ரப்பர் தேய்ந்திருந்தது. அழுகையை விழுங்கிக்கொண்டு நடந்தேன். அடுத்த சந்தியில் எறிந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே பனி வந்தது. அந்தச் சின்ன விசிறல் கேட்டது. கை போய் வாங்கிக்கொண்டது. கை தட்டினார்கள். அதற்குப் பிறகு கடைசி வரை ஒன்றும் விழவில்லை.

முடிந்ததும் டீச்சரிடம் ஓடினேன். “கோல் கட் ஆகிட்டுது” என்றார். “நீங்க முதல்ல எறிஞ்சீங்களே, கம்பு மேல போச்சுது, அந்த நேரம் பார்த்து கட். பிறகு எடுக்கவே முடியல.”

அந்தப் பக்கம் நடந்ததைப் பிறகு பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அன்றைக்கு அப்பா விடியற்காலையிலேயே ஃபேக்டரிக்குப் போகும்போது போனை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டு பெரட்டுக்குப் போயிருக்கிறாள். கணக்கப்பிள்ளை அவள் பெயரைக் கூப்பிடவும் போன் அடிக்கவும் சரியாக இருந்திருக்கிறது. அம்மா இரண்டில் எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். அக்காதான் போனைப் பிடுங்கித் திறந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறார். வரிசை கலைந்து எல்லோரும் வந்து மொய்த்துக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளையும் பெயர் கூப்பிடுவதை விட்டுவிட்டுப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாராம். கம்பு மேலே போனது, போனின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. என் முகமும் விரிந்த கையும் மட்டும் தெரிந்தன. அப்படியே படம் நின்றுவிட்டது.

“ஒங்கம்மா அன்னைக்கு கொழுந்து எடுத்தாளா, வானத்தப் பாத்துக்கிட்டு நின்னாளா, தெரியல புள்ள” என்றார் அக்கா. “நெற காணாம அரைப் பேருதான் விழுந்துச்சு.” எடுத்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் அன்றைய நாளில் பாதிக்குத்தான் பெயர் போடுவார்கள். அம்மாவுக்கு அது விழுந்து நான் பார்த்ததேயில்லை.

அன்றைக்கு மாலை நான் வீட்டுக்குப் போனில் கோல் எடுத்தேன். “சாப்டியா?” என்றாள், பழைய அதே குரலில். இப்போது போனுக்குள் இருந்தது நான்.

“அம்மா, அந்தக் கம்பு...”

“சொல்லாத. வந்து சொல்லு.”

திரும்பி வந்தபோது பதுளை இன்னும் விழிக்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து ஸ்பிரிங்வெளி வந்தேன். றோட்டு வளைவில் இறங்கியபோது பனி இவ்வளவு அவ்வளவு இல்லை. என் கையே எனக்குப் பாதிதான் தெரிந்தது. பஸ் போன சத்தம் அடங்கியதும் பனிக்குள்ளிருந்து ஒரு உருவம் மெதுவாக அம்மாவாக ஆனது. இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, தலையில் கூடைக் கயிறு போட்டு, பெரட்டுக்குப் போகிற கோலத்தில் நின்றாள். எப்போது வந்து நின்றாளோ, முந்தானை ஈரமாக இருந்தது. நலம் கேட்கவில்லை. பையை வாங்கவில்லை.

“புடிச்சியா?” என்றாள்.

வரும் வழியெல்லாம் இதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். மற்ற எல்லாத்தையும் பிடித்தேன் என்று சொல்லலாம். முதலாவது மட்டும் காற்றில் போனது என்று சொல்லலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளதுதான் வாயில் வந்தது.

“இல்லம்மா. கீழ விழுந்துருச்சு.”

“எல்லாரும் பாத்தாங்களா?”

“பாத்தாங்க.”

“பொறவு?”

“எடுத்துக்கிட்டு நடந்தேன்.”

கீழே களத்தில் பெரட்டுக்கு ஆட்கள் சேருகிற பேச்சுச் சத்தம் பனிக்குள் கேட்டது.

“நானும் அப்படித்தான்” என்றாள்.

பிறகு என் தோளிலிருந்து பையை வாங்கித் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டு, களத்துக்குப் போகிற பாதையை விட்டுவிட்டு வீட்டுப் பாதையில் ஏறினாள். நான் பின்னால் ஏறினேன். அவள் திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனாள்.

“மொத நாளு எங்கள வரிசையா நிக்க வச்சாங்கன்னு சொன்னேன்ல. அங்க ஒருத்தரும் பேரு கூப்புடல. பெரட்டுன்னா பேரு கூப்புடணும்ல? கூப்புடாம எப்படி? அதனால நானே எம் பேரச் சத்தமா கூப்புட்டேன். கூப்புட்டுட்டு, ‘இருக்கேங்க’ன்னு நானே சொன்னேன்.”

மூச்சு வாங்க நின்றாள். நான் கிட்டப் போய் அவள் கையைப் பிடித்தேன். வீடு வரைக்கும் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.